கணக்கில் வந்த கோள்கள்

கேள்வி: இயற்பியல் சமன்பாடுகள் நிஜ உலகத்தைத்தான் சொல்கின்றனவா, இல்லை வசதிக்கான கற்பனையா?

பதில்: கணக்கு சரியாக இருப்பது வேறு, உலகம் அப்படி இருப்பது வேறு, பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். யுரேனஸ் தன் பாதையிலிருந்து விலகுவதை வைத்து, இன்னொரு கோள் எங்கே இருக்கும் என்று லெவெரியே என்ற பிரெஞ்சு வானியலாளர் தாளிலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 1846-இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பினால், அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன்! எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கிற விஷயம் இது. அப்புறம் அதே மனிதர், அதே நியூட்டன் கணிதத்தை வைத்து, புதன் பாதையில் இருந்த சின்னப் பிசகுக்கு வல்கன் என்ற கோள் காரணம் என்றார். பல வருடம் தேடினார்கள், அப்படியொன்று இல்லவே இல்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புச் சமன்பாடுகள்தான் அந்தப் பிசகை விளக்கின.