இரண்டு தலை வருவதற்குக் காரணம் பட அளவு

எழுதிக் கொடுப்பதைப் படமாக்கும் ஏஐ மாடலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5-ல் 1024×1536 அளவு கொடுத்தால் ஒரே ஆளுக்கு இரண்டு தலை வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் ப்ராம்ப்ட்டில் (என்ன படம் வேண்டும் என்று எழுதும் வரியில்) தவறில்லை. அந்த மாடல் 512×512 படங்களில் பழகியது. இடம் அதைவிட ரொம்பப் பெரிதானால் மேலே ஒரு முகம், கீழே இன்னொன்று என்று நிரப்பிவிடும். எது வரக்கூடாது என்று சொல்லும் நெகட்டிவ் ப்ராம்ப்ட்டில் எவ்வளவு எழுதினாலும் இது முழுசாகப் போகாது.

முதலில் 512×768-ல் எடுங்கள். ஸ்டெப்ஸ் (படத்தைத் தெளிவாக்கும் சுற்றுகள்) 25, சிஎஃப்ஜி (ப்ராம்ப்ட்டை எவ்வளவு கறாராகப் பின்பற்றுவது என்ற அளவு) 7 போதும். படம் பிடித்துவிட்டால் அதே சீட் எண்ணை (அதே படத்தைத் திரும்ப வரவைக்கும் தொடக்க எண்) வைத்து, சின்னப் படத்தைப் பெரிதாக்கி மறுபடி வரையும் ஹைரெஸ் ஃபிக்ஸை ஆன் செய்து 2 மடங்கு பெரிதாக்குங்கள். பெரிதாக்கும்போது படத்தை எவ்வளவு மாற்றி வரையலாம் என்று சொல்லும் டீநாய்சிங்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஈஎஸ்ஆர்கேன் வகை அப்ஸ்கேலருக்கு (படத்தைப் பெரிதாக்கும் கருவி) 0.35 முதல் 0.45 வரை வையுங்கள். 0.6-ஐத் தாண்டினால் முகச்சாயலே மாறும், சட்டை மடிப்பில்கூடப் புதுசாக முகம் முளைக்கும். மாடலுக்குள் இருக்கும் சுருக்க வடிவிலேயே பெரிதாக்கும் லேட்டன்ட் அப்ஸ்கேலர் என்றால் 0.5-க்குக் கீழே படம் மங்கலாகிவிடும். கிராஃபிக்ஸ் கார்டில் மெமரி போதவில்லையா, 1.5 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.