கம்பு ஏன் நின்றுவிட்டது?

கேள்வி: மே மாதம் ஏற்காட்டில், மூடுபனி விலகாத காலை நேரத்தில் என் மகள் சிலம்பம் சுற்றியதைப் படம் எடுத்தேன். ஷட்டர் வேகம் 1/1000. முகமும் கம்பும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. ஆனால் அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்பது போலத் தெரிகிறது. ஃபோட்டோஷாப்பில், அசைவது போலக் கலங்கடிக்கும் மோஷன் பிளர் என்ற ஃபில்டரைப் போட்டுப் பார்த்தேன். கம்போடு சேர்ந்து மகளும் கலங்கிப்போனாள். வேகம் தெரிய என்ன செய்வது? (வாசகர், அம்மாபேட்டை, சேலம்)

பதில்: உங்கள் கேமராவைக் குறை சொல்ல வழியில்லை, தேவைக்கு மேல் நன்றாக வேலை செய்திருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பு நொடிக்கு இரண்டு சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு நொடிக்கு 720 டிகிரி. 1/1000 நொடியில் அது முக்கால் டிகிரிகூட நகர்ந்திருக்காது. 1/60 நொடியில் எடுத்திருந்தால் 12 டிகிரி நகர்ந்து, பனையோலை விசிறி போல விரிந்திருக்கும். நாம் இப்போது படத்தில் சேர்க்கப்போவது, கேமரா விட்டுவிட்ட அந்தச் சில டிகிரிகளைத்தான்.

மோஷன் பிளர் எதையும் நேர்கோட்டில்தான் இழுக்கும். ஓமலூர் சாலையில் போகும் பஸ்ஸுக்கு அது போதும். ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் திரும்பும் பைக்குக்கு அது பொருந்தாது. அங்கே வளைந்த கோடு போட்டு இழுக்கும் பாத் பிளர் வேண்டும். கையைச் சுற்றிச் சுழலும் கம்புக்கு ஸ்பின் பிளர். இவை இரண்டும் 2014-ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஃபோட்டோஷாப்பின் பிளர் கேலரியில் இருக்கின்றன. பணம் கொடுத்து மென்பொருள் வாங்க விரும்பாதவர்களுக்கு கிம்ப் (GIMP) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் சர்க்குலர் மோஷன் பிளர் ஏறக்குறைய ஸ்பின் பிளரின் வேலையைச் செய்யும்.

மகள் கலங்கிப்போனது நடப்பதுதான். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு கல்யாண ஆல்பத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நான் தலை முதல் கால் வரை இழுத்துவிட்டேன். ஆல்பத்தைப் புரட்டிய அவளுடைய அம்மா, "இது யார்?" என்று கேட்டார். "உங்கள் மகள்தான்" என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து ஃபில்டரைத் தொடுவதற்கு முன்பே, எதை அசைய விடக் கூடாது என்று முடிவு செய்துகொள்கிறேன். சிலம்பத்தில் அது எளிது: முகம், மார்பு, ஊன்றிய கால், கம்பைப் பிடித்த கை. இவை அப்படியே இருக்கட்டும். வேகமெல்லாம் கம்பின் நுனியில்தான். கையை நெருங்க நெருங்க அது குறைந்து இல்லாமல் போகிறது. ஸ்பின் பிளர் தானாகவே இப்படித்தான் இழுக்கும் என்பதால், மையப் புள்ளியைச் சரியாகக் கைப்பிடியில் வைப்பது ஒன்றே உங்கள் பொறுப்பு.

முதலில் கம்பை மட்டும் லாசோவால் (ஓரத்தைச் சுற்றி வரைந்து தேர்ந்தெடுக்கும் கருவி) வெட்டித் தனி லேயராக, அதாவது படத்தின் மேல் தனி அடுக்காக, ஆக்குங்கள். அடுத்து, பெரும்பாலானோர் மறந்துவிடும் வேலை ஒன்று உண்டு: கீழே உள்ள மூலப் படத்தில் கம்பை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால், கலங்கிய கம்புக்கு நடுவே பழைய கம்பு முள் போலத் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னணி வெறும் பனிமூட்டம் என்பதால் சுற்றியுள்ள இடத்தைப் பார்த்துத் தானே நிரப்பும் கன்டென்ட் அவேர் ஃபில் அதை நொடியில் நிரப்பிவிடும். கம்பு உடையின் குறுக்கே போகும் இடத்தை மட்டும், ஓர் இடத்தை நகலெடுத்து இன்னோர் இடத்தில் பூசும் குளோன் ஸ்டாம்பால் பொறுமையாகக் கையால் சரிசெய்யுங்கள்.

இனி கம்பு லேயரில் ஸ்பின் பிளர். வட்டத்துக்குள் நான்கு வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அந்தப் புள்ளிகளைத் தாண்டினால் பிளர் குறையத் தொடங்கும். ஆகவே கம்பின் இரண்டு நுனிகளும் அவற்றுக்கு உள்ளே இருக்கும்படி வட்டத்தைப் பெரிதாக்குங்கள். கம்பு சாய்வான தளத்தில் சுழன்றிருந்தால் வட்டத்தை நீள்வட்டமாக அமுக்கிக்கொள்ளலாம். கிம்பில் அந்த வசதி இல்லை. மேலும், அங்கே வெட்டி எடுத்த லேயர் கம்பின் அளவுக்கே சுருங்கிக் கிடக்கும். 'லேயர் டு இமேஜ் சைஸ்' கொடுக்காமல் ஃபில்டர் போட்டால் ஓரத்தில் கத்தரித்தது போல நின்றுவிடக்கூடும்.

கோணம் எவ்வளவு? 12 என்று கணக்குச் சொன்னாலும் 12 போடாதீர்கள். கையிலிருந்து நுனி வரை 900 பிக்சல், தடிமன் 20 பிக்சல் என்று கொண்டால், 12 டிகிரியில் நுனி 190 பிக்சல் அகலத்துக்குப் பரவும். அப்போது கம்பின் நிறத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். இருண்ட தோப்புக்கு முன்னால் வெளிர்நிற மூங்கில் அதையும் தாங்கும். வெள்ளைப் பனிக்கு முன்னால் கம்பு காணாமலே போய்விடும். பெண் வெறுங்கையோடு நிற்பாள். 5 டிகிரிக்கு இறங்குங்கள், நான்கில் ஒரு பங்கு நிறம் நிற்கும். போதவில்லை என்றால் அந்த லேயரையே இன்னொரு பிரதி எடுத்து மேலே வையுங்கள்.

தூக்கிய கால், பின்னல் நுனி, இடுப்புத் துண்டு ஆகியவற்றுக்குச் சிறிதளவு பாத் பிளர் போதும். மிச்சத்தை மாஸ்க் (லேயரில் வேண்டாத பகுதியை மறைக்கும் திரை) போட்டு மறைத்துவிடுங்கள். பிளர் போட்ட இடம் மெழுகு பூசியது போல வழவழப்பாக இருக்கும், அதனால் கடைசியில் இரண்டு மூன்று சதவீதம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) சேர்த்துவிடுங்கள். பனியில் நிழல் விழாதது உங்கள் அதிர்ஷ்டம். வெயிலில் எடுத்திருந்தால் தரையில் கிடக்கும் கம்பின் நிழலையும் கலங்கடிக்க வேண்டியிருக்கும். வீட்டுச் சுவருக்கு இதெல்லாம் தாராளமாகச் செய்யலாம். பத்திரிகைக்குச் செய்திப் படமாகவோ, திருத்தக் கூடாது என்ற விதியுள்ள போட்டிக்கோ அனுப்புவதாக இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

இன்னும் ஒரு நுணுக்கம். ஸ்பின் பிளர் இரண்டு பக்கமும் சமமாகப் பரவும். கம்பு எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அதில் தெரியாது. வெட்டிய கம்பின் தெளிவான பிரதி ஒன்றை, கைப்பிடியை அச்சாக வைத்து இரண்டரை டிகிரி திருப்பி, விசிறியின் முன் ஓரத்தில் 30 சதவீத அடர்த்தியில் வையுங்கள். கம்பு அந்தப் பக்கம் பாயும். முன் ஓரம் எது என்பதை மகளிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மாற்றி வைத்தால் நமக்குத் தெரியாது, அவளுடைய ஆசான் படத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்.