மாமாவின் பெர்த்தும் மகனின் திருப்புளியும்

சனிக்கிழமை காலை, மகனின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு, சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பதி என்னிடம் வந்திருந்தார்கள். அப்பா பேருந்து ஓட்டுநர். மகனின் சாதாரண நிலை (ஓ லெவல்) தேர்வு முடிவுகள் வந்துவிட்டன, நல்ல மதிப்பெண்கள். ஸ்மார்ட்போன் செய்யும் நிறுவனத்தில் சேரவேண்டும் என்பது அவன் ஆசை. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் இருக்கும் தாய்மாமாவோ, “இங்கே அனுப்புங்கள், கணினிப் பட்டம் வாங்கட்டும், பெரிய நிறுவனங்கள் தேடி வரும்” என்று தினமும் தொலைபேசியில் அழைக்கிறார். செலவுக்கு ஐந்தறை வீட்டை விற்றுவிட்டு மூவறை வீட்டுக்குப் போகலாமா என்று அம்மா கேட்டார்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் பேச்சைத் தொடங்கினேன். வீட்டு விற்பனை என்றதும் ஆறுதல் சொல்வதை நிறுத்திவிட்டேன். விற்காதீர்கள் அம்மா.

எந்தப் பெரிய நிறுவனத்தை நம்பி விற்பீர்கள்? 2007-ல் உலகில் விற்ற ஸ்மார்ட்போன்களில் ஏறக்குறைய பாதி நோக்கியாவுடையவை. 2013-ல் அது தன் கைப்பேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்தது. எல்ஜி 2021-ல் இந்தச் சந்தையை விட்டே வெளியேறியது. ஹுவாவெய் 2020-ன் இரண்டாம் காலாண்டில் உலக விற்பனையில் முதலிடம். அமெரிக்கத் தடைகள் இறுகியதும் அதே ஆண்டு இறுதிக்குள் ஹானர் பிரிவை விற்க நேர்ந்தது. ஆப்பிளும் சாம்சங்கும் ஷாவ்மியும் இன்று முட்டி மோதுகின்றன. உங்கள் மகன் படித்து முடித்து, தேசிய சேவையும் முடித்து வரும்போது யார் முன்னால் நிற்பார்கள் என்று மாமாவால் சொல்ல முடியுமா?

தொடக்கக் கல்லூரி, கணினிப் பட்டம் பற்றி ஊரே பேசுகிறது, நான் பேசப்போவதில்லை. அந்தப் பையனைப் பற்றிப் பேசுகிறேன். நிரல் எழுதும் வகுப்பில் சேர்ந்து இரண்டே மாதத்தில் விலகியவன் அவன். ஆனால் புளோக்கில் உள்ள பாட்டிமார் கைப்பேசிகளை எல்லாம் திறந்து, மின்னூட்டம் ஏன் ஏறவில்லை என்று இரவு முழுக்கத் தேடுகிறான். பழுதின் வேரைத் தேடும் இந்தப் பொறுமைக்கு இங்கேயே, வீட்டிலிருந்து பேருந்தில் போகும் தூரத்தில், வேலை இருக்கிறது.

உட்லண்ட்ஸில் மைக்ரான் நிறுவனம் நினைவகச் சில்லு (சிப்) செய்கிறது. கைப்பேசியில் எடுக்கும் படங்கள் போய்த் தங்குவது அப்படிப்பட்ட சில்லில்தான். பாசிர் ரிஸ்ஸில் சோய்டெக் தயாரிக்கும் சிலிக்கான் வட்டுகள், அலைவரிசையைப் பிடிக்கும் சில்லுகளுக்கு அடித்தளம். தெம்பனிஸில் 780 கோடி அமெரிக்க டாலரில் எழும் புதிய சில்லு ஆலை 2027-ல் உற்பத்தியைத் தொடங்கத் திட்டமிட்டிருக்கிறது. பெட்டியின் மேல் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே சில்லு வேண்டும். இந்தத் தொழிலிலும் மந்தம் வரும், ஆட்குறைப்பு வரும். ஆனால் ஒரே ஒரு கைப்பேசிப் பெயரின் வாழ்வோடு பிழைப்பு கட்டப்பட்டிருக்காது.

ஆலைக்குள் கண்ணைத் தவிர உடல் முழுக்க மூடிய உடை. சில்லின் வடிவத்தை ஒளியால் வட்டில் பதிக்கும் ஒளியச்சுப் பகுதியில் எப்போதும் மஞ்சள் வெளிச்சம். நீல ஒளி பட்டால் வட்டின் மேல் பூசிய ஒளியுணர் பசை கெட்டுவிடும். தோசைக்கல் அகலமுள்ள வட்டுகள், பெட்டிக்கு இருபத்தைந்தாக, தலைக்கு மேல் ஓடும் தண்டவாளத்தில் இயந்திரம் விட்டு இயந்திரம் போகின்றன. ஒரு வட்டு சில்லாக நூற்றுக்கணக்கான படிகள். நடுவில் ஓர் இயந்திரத்தின் வெற்றிட அறையில் மயிரிழைக் கசிவு என்று வையுங்கள். பொறியாளர் ஹீலியம் வாயுவை ஒவ்வோர் இணைப்பிலும் மெல்லப் பீய்ச்சி, அது எங்கே உள்ளே நுழைகிறது என்று கருவியில் பார்ப்பார். அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான். பன்னிரண்டு மணி நேரச் சுழற்சி, இரவு வேலை உண்டு என்பதையும் மறைக்கவில்லை.

இதற்கு வழி, பலதுறைத் தொழிற்கல்லூரியில் மின்னணுப் பொறியியல் பட்டயம். மூன்று ஆண்டுகள், குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 3,000 வெள்ளி. அப்பாவின் மத்திய சேமநிதி சாதாரணக் கணக்கிலிருந்து அதைக் கட்டலாம், மகன் பின்னர் திருப்பிச் செலுத்தவேண்டும். பெர்த் படிப்புக்கு அதிலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது. பட்டம் வேண்டுமென்றால் பட்டயத்துக்குப் பிறகு நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமோ சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகமோ இருக்கிறது.

விண்ணப்பிக்கச் சில நாள்களே உள்ளன. பன்னிரண்டு தெரிவுகள் கேட்பார்கள். முதல் தெரிவை உங்கள் மகனே நிரப்பட்டும். மாமாவிடம் நானே பேசுகிறேன், எண்ணைக் கொடுங்கள்.