டவுன்ஃபால்: மழையா, அழிவா? எந்த இடத்தில் எந்தத் தமிழ்ச் சொல்

கேள்வி: ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். ஒரு வானிலைச் செய்தியில் 'டவுன்ஃபால்' என்ற சொல் வந்தது. மொழிபெயர்ப்புச் செயலி அதற்கு 'வீழ்ச்சி' என்று போட, 'திடீர் வீழ்ச்சியால் சாலைகளில் தண்ணீர் தேங்கியது' என்று வாக்கியம் வந்து நிற்கிறது. அகராதியில் பார்த்தால் அழிவு, கேடு, சரிவு, கனமழை என்று எல்லாமே இருக்கிறது. எதை எங்கே போடுவது?

பதில்: முதலில் உங்கள் வாக்கியத்தை முடித்துவிடலாம். 'திடீரெனக் கொட்டிய மழையால் சாலைகளில் தண்ணீர் தேங்கியது.' அவ்வளவுதான்.

அடுத்த முறை இந்தச் சொல் வந்தால் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: யாருடைய டவுன்ஃபால்? அரசனுடையது, கட்சியுடையது, ஒரு கம்பெனியுடையது என்று பதில் கிடைத்தால் அது அழிவு. யாருடையதும் இல்லை, வானத்திலிருந்து வந்தது என்றால் மழை. ஆனால் பனியாகவும் இருக்கலாம், அதனால் எந்த ஊர், எந்த மாதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவின் ஜனவரி மாதச் செய்தியில் 'கனமழை' என்று போட்டுவிட்டால் சங்கடம், அங்கே பனிப்பொழிவு என்றுதான் வர வேண்டும். பொதுவாக ஆங்கிலத்தில் கொட்டும் மழைக்கு 'டவுன்போர்' என்றுதான் அதிகம் எழுதுவார்கள். ஆகவே டவுன்ஃபால் என்று கண்டால் முதல் ஊகம் அழிவாகவே இருக்கட்டும்.

மழை என்று உறுதியானபின் எந்த மழை என்ற கேள்வி வரும். இங்கேதான் நிறையப் பேர் எல்லாவற்றுக்கும் 'கனமழை' என்று போட்டுவிட்டுப் போகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. ஏனென்றால் கனமழைக்கு அளவு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் காலை 8.30 மணியோடு முடியும் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, அதற்கு மேல் 204.4 வரை மிக கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது அதி கனமழைக்கான எல்லையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். மூலத்தில் அளவு கொடுத்திருந்தால் இந்த மூன்றில் ஒன்றைப் பொருத்திப் போடுங்கள். அளவே இல்லை, 'பயங்கர மழை' என்ற அர்த்தத்தில்தான் எழுதியிருக்கிறார் என்றால் பலத்த மழை, பெருமழை போதும். கதையென்றால் பேய்மழை என்றுகூட எழுதலாம், செய்தியில் வேண்டாம்.

அடைமழை வேறு. அது அளவைச் சொல்வதில்லை, விடாமல் பெய்வதைச் சொல்கிறது. 'ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை' என்ற பழமொழியே இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. அரை மணி நேரம் வெளுத்து வாங்கிவிட்டு நின்ற மழையை அடைமழை என்று எழுதினால் மழை தெரிந்தவர் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதேபோல மேகவெடிப்பு என்ற சொல்லையும் இப்போது தாராளமாக வீசுகிறார்கள். சிறிய பரப்பில் ஒரு மணி நேரத்துக்குள் 10 சென்டிமீட்டர் அளவுக்குப் பெய்தால்தான் அந்தப் பெயர். மூலத்தில் அப்படி இல்லாதபோது நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

இன்னொன்று, யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டு வாசகருக்கு வீழ்ச்சி என்றதும் ஆட்சியும் பங்குச் சந்தையும்தான் நினைவுக்கு வரும், மழை என்றால் மழைப்பொழிவு, மழையளவு. இலங்கையிலோ 'மழைவீழ்ச்சி' என்பது அன்றாட வானிலை அறிக்கையிலேயே வரும் சொல், அங்கே அது துளியும் உறுத்தாது. வீழ்வது என்ற வினை மழைக்குப் புதிதும் இல்லை. 'விசும்பின் துளிவீழின் அல்லால்' என்று குறளில் வள்ளுவரே எழுதியிருக்கிறார். ஆக, செயலி தேர்ந்தெடுத்த சொல் முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். முன்னால் 'மழை' இல்லாமல் வீழ்ச்சியை மட்டும் தனியே விட்டதுதான் கோளாறு.

அப்புறம் அழிவு. இதில் என் ஆலோசனை, பெயர்ச்சொல்லைத் தேடி அலையாமல் வினையைத் தேடுங்கள். தமிழில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக அழியும். பேரரசு வீழும், ஆட்சி கவிழும், வியாபாரி நொடித்துப்போவார், ஊர் பாழாகும், குடும்பம் சீரழியும். எல்லாவற்றையும் 'வீழ்ச்சி அடைந்தது' என்று எழுதினால் பாடப்புத்தக வாடைதான் அடிக்கும். சில இடங்களில் டவுன்ஃபால் அழிவைச் சொல்லாமல் அழிவுக்கான காரணத்தைச் சொல்லும். சூதாட்டம் அவனுடைய டவுன்ஃபால் என்று வந்தால், 'சூதாட்டம் அவனது வீழ்ச்சியாக இருந்தது' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 'சூதாட்டம்தான் அவனைக் கெடுத்தது.' இந்தக் 'கெடு' என்ற வினை எவ்வளவு பழையது, எவ்வளவு வலுவானது! கண்டித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் 'கெடுப்பார் இலானுங் கெடும்' (கெடுக்க ஆளில்லாவிட்டாலும் கெடுவான்) என்று மூன்றே சீரில் ஒரு அரசின் முழு வீழ்ச்சியையும் குறள் சொல்லிவிடுகிறது. மழையைப் பற்றிய குறளிலும் இதே வினைதான், 'கெடுப்பதூஉம் கெட்டார்க்குச் சார்வாய்மற் றாங்கே எடுப்பதூஉம் எல்லாம் மழை.' பெய்யாமல் கெடுப்பதும் மழை, கெட்டவரைத் தூக்கி விடுவதும் மழை.

கடைசியாக, ஆங்கிலத் தலைப்புகளில் இரண்டு பொருளையும் சேர்த்து விளையாடியிருப்பார்கள், மழையால் தோற்ற கிரிக்கெட் அணி என்பதுபோல. அங்கே 'வீழ்த்தியது மழை' என்று வினையாக்கினால் இரண்டும் கிடைத்துவிடும். ஆனால் வெள்ளத்தில் உயிர் போன செய்திக்கு அந்த விளையாட்டு மூலத்தில் இருந்தாலும் நீங்கள் எடுத்துவராதீர்கள். மழை என்றே நேராக எழுதுங்கள்.