பாமினிக் கோப்பைத் தரவுத்தளத்தில் ஏற்றும் முன்

மன்னார்குடிப் பக்கத்தில் பாசனதாரர் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் வாசகர் கேட்கிறார்: "பெயர், ஊர், சர்வே எண், பரப்பு என்று காற்புள்ளி இட்டுப் பிரித்த உரைக் கோப்புகளாக எங்கள் உறுப்பினர் பட்டியல் இருக்கிறது. பழையவை பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. எல்லாவற்றையும் யூனிகோடு எழுத்துக்கான யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏற்றினேன். சிலவற்றில் ஆங்கில எழுத்துகள், சிலவற்றில் கேள்விக்குறிகள். என்ன தவறு?"

முதல் வேலையாக, மூலக் கோப்புகளை அப்படியே ஒரு பென்டிரைவில் நகலெடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எழுத்துகள் குழம்பிக் கிடந்தால் மீட்டுவிடலாம். கேள்விக்குறியாகிவிட்டால் உள்ளே இருந்த எழுத்து போனதுதான். மூலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். யூனிகோடு தமிழை எக்செலில் திறந்து சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தாலே இது நடக்கும். சேமிக்கும்போது 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்.

பாமினிக் கோப்பில் தமிழே கிடையாது. திரையில் 'தமிழ்' என்று தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கிறது. யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தாலும் அந்த ஐந்தும் அப்படியேதான் இருக்கும். உங்களுக்குத் தேவை பாமினியை யூனிகோடாக்கும் எழுத்துரு மாற்றி.

ஆனால் முழுக் கோப்பையும் மாற்றியில் கொட்டிவிடாதீர்கள். பாமினியில் காற்புள்ளிதான் 'இ'. மாற்றி உங்கள் கட்டங்களைப் பிரிக்கும் காற்புள்ளிகளையெல்லாம் 'இ' ஆக்கிவிடும். மாற்றாமல் ஏற்றினாலோ, இளங்கோவன் என்ற பெயர் காற்புள்ளியில் தொடங்குவதால் பெயர்க் கட்டம் காலியாகி, 'ளங்கோவன்' ஊர்க் கட்டத்திலும் ஊர் சர்வே எண்ணிலும் போய் உட்காரும். அரைப்புள்ளியைப் பிரிப்பானாக வைத்தால் இன்னும் மோசம். மெய்யெழுத்தின் புள்ளியே அதுதான். எனவே நான்குக்கு மேல் கட்டங்கள் உள்ள வரிகளை முதலில் தேடிக் கையால் சரிசெய்து, பிரிப்பானை டேப் ஆக்குங்கள். பிறகு பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றுங்கள். சர்வே எண்ணின் உட்பிரிவில் வரும் ஆங்கில எழுத்தைத் தொட்டால் நிலமே மாறிவிடும்.

மாற்றி முடித்ததும் 'திருவாரூர்' என்று தேடிப் பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் ஊர் சில வரிகளில் அகப்படாது. பழைய தட்டச்சுப் பழக்கத்தில் பலர் 'ர்' வரும் இடத்தில் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். துணைக்காலை அடுத்துப் புள்ளி தமிழில் எங்குமே வராது என்பதால், அந்த இணையை 'ர்' என்று ஒரேயடியாக மாற்றலாம். 'கௌ' அப்படியல்ல. அதைக் 'கெ', 'ள' என்று இரண்டாக அடித்திருப்பார்கள். ஒட்டுமொத்தமாக மாற்றினால் கெளுத்தி மீனும் கெட்டுப்போகும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும்.

டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) உள்ள கோப்பு இருந்தால், லினக்ஸின் ஐகான்வ் நிரலுக்கே அது தெரியும்; அதைக் கொண்டே யூடிஎஃப்-8 ஆக மாற்றிவிடலாம்.

அட்டவணையை யூடிஎஃப்8எம்பி4 என்றே அமையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய 'யூடிஎஃப்8' ஓர் எழுத்துக்கு மூன்று பைட்தான் கொடுக்கும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் குழி, வேலி, நன்செய், புன்செய் ஆகியவற்றின் பழைய குறியீடுகள் 2019இல் வந்த யூனிகோடு 12இல்தான் சேர்ந்தன. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும். நம் பகுதியின் பழைய நிலக் கணக்குகளை என்றாவது ஏற்ற நினைத்தால் இடம் தயாராக இருக்கட்டும்.

கோப்பை ஏற்றும் கட்டளையிலும் இதே குறியேற்றத்தைச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், தலையில் சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று மாறி மாறி வரக்கூடும். யூடிஎஃப்-8 தமிழை ஐரோப்பிய எழுத்தாக வாசித்ததன் அடையாளம் அது.

முழுப் பட்டியலுக்கு முன், 'தமிழ்' என்ற ஒரு சொல்லை மட்டும் இதே வழியில் ஏற்றி, எழுத்து எண்ணிக்கையையும் பைட் எண்ணிக்கையையும் கேளுங்கள். 5, 15 என்று வந்தால் சரி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். 5, 5 என்றால் பாமினி மாறாமலே போயிருக்கிறது, அல்லது ஐந்தும் கேள்விக்குறிகள். 15, 30 என்றால் இருமுறை குறியேற்றம் ஆகியிருக்கிறது. அட்டவணையைக் காலிசெய்து, கட்டளையைத் திருத்தி மறுபடி ஏற்றுங்கள்.