அம்மா என்ன சொன்னார்?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்து முன்பள்ளியில் ஆறு வருடமாகப் படிப்பிக்கிறேன். கண்டியில் ஒரு கந்தோரில் கணக்கு வேலை கிடைத்திருக்கிறது. 15ஆம் திகதிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சிங்களம் சரியாக வராது. தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற அம்மா லயத்து வரிசை வீட்டில் தனியாகிவிடுவார். கண்டியில் என்னைத் 'தோட்டத்துப் பிள்ளை' என்று இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்றும் இருக்கிறது. பழகிய இடத்தை விட்டுப் போகும் தைரியத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

- ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அம்மாவை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள், சரி. ஆனால் இந்த வேலையைப் பற்றி அம்மா என்ன சொன்னார் என்று ஒரு வரி கூட இல்லை. அவரிடம் இன்னும் கேட்கவே இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. கேட்டால் "போயிட்டு வா மகள்" என்று சொல்லிவிடுவாரோ என்ற பயமா?

இந்தக் கேள்விக்கு நம் ஆட்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: "கடல் தாண்டி வந்த பரம்பரை நாம், கண்டிக்குப் போகவா பயம்?" அதை நான் சொல்ல மாட்டேன். தோட்ட வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்து, மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே வந்தவர்களைப் பசியும் கடனும் நடத்திக் கூட்டி வந்தன. வழியிலேயே செத்து விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அந்த வேதனையை எடுத்து உங்களைக் குத்திக்காட்ட எனக்கு மனம் வராது.

அதைவிட, அம்மா முதல் நாள் கொழுந்தெடுக்க மலையேறியதை அவரிடமே கேட்டுப் பாருங்கள். அட்டைக்குப் பயந்து காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு, இடுப்பில் படங்குத் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போயிருப்பார். கை ஓடியிருக்காது. பக்கத்து நிரையில் நின்ற ஒரு பெரியம்மாவோ அக்காவோதான் எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது என்று காட்டியிருப்பார். பயம் போன பிறகா அம்மா மலைக்குப் போனார்? இல்லையே, போய்ப் போய்த்தான் பயம் விட்டது. உங்களுக்கும் பக்கத்து நிரையில் ஒரு ஆள் வேண்டும். உங்கள் தோட்டத்திலிருந்தோ அடுத்த தோட்டத்திலிருந்தோ கண்டிக்கு வேலைக்குப் போன ஒரு பெண்ணையாவது தேடிப் பிடியுங்கள். எங்கே தங்குகிறார், மாதம் எவ்வளவு செலவாகிறது, முதல் கிழமை எப்படி இருந்தது, எல்லாவற்றையும் வெட்கப்படாமல் கேளுங்கள்.

சிங்களம் பெரிய விஷயமில்லை. கடைத்தெருச் சிங்களம் உங்களுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். கந்தோர்ச் சிங்களம் கந்தோரில்தான் வரும்.

எனக்குப் பத்தொன்பது வயதில், முதல் தடவை தனியாகக் கொழும்புக்குப் போக ஹட்டன் ஸ்டேஷனில் வரிசையில் நின்றேன். "கொழும்பட்ட எகக் தென்ன" (கொழும்புக்கு ஒன்று தாருங்கள்) என்று சிங்களத்தில் வாய்க்குள்ளேயே இருபது தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். கவுண்டருக்கு முன்னால் போனதும் அத்தனையும் மறந்து தமிழில் கேட்டுவிட்டேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து கூடப் பார்க்காமல் டிக்கெட்டைத் தள்ளினார். கையில் வியர்வையில் நனைந்த நோட்டு. அதுவரை என்னை யாரோ பார்த்துச் சிரிக்கக் காத்திருப்பதாகவே நினைத்திருந்தேன்.

ஆனால் இளக்காரமே இருக்காது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். எனக்கும் பிற்பாடு கிடைத்தது, அதுவும் தமிழ் பேசுகிறவர்களிடமிருந்தே. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். யாராவது கேட்டால் ஊர்ப் பெயரை ஒளிக்காமல் சொல்லுங்கள். ஒளித்தால் என்றைக்குத் தெரியவருமோ என்று தினமும் பயந்துகொண்டே இருக்க வேண்டும்.

துணிவு என்றால் முன்யோசனை இல்லாமல் குதிப்பது என்றும் நினைக்காதீர்கள். தோட்டத்தை நடத்திய துரையின் அனுமதியில்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், தோட்டத் தொழிலாளருக்காகச் சங்கம் கட்டிய கோ. நடேசய்யர் புடவை வியாபாரியைப் போல உள்ளே போய்த்தான் நம் மக்களின் நிலைமையைப் பார்த்தார். நீங்களும் வழி பார்த்துப் போங்கள். ஒரு சனிக்கிழமை நோர்வூட், டிக்கோயா வழியாக ஹட்டனுக்கு வந்து, அங்கிருந்து கண்டி பஸ் ஏறுங்கள். அந்தக் கந்தோர் வாசல் வரை போய்ப் பாருங்கள். பக்கத்தில் ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வாருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது 15ஆம் திகதிக்கு ஒரு கிழமைதான் இருக்கும். பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றிரவு அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர் சொன்ன பதிலை எனக்கு எழுதுங்கள்.