என் வீடு, என் கரண்டு: இதில் அரசுக்கு என்ன வேலை?

கேள்வி: ஏசியை 20 டிகிரிக்குக் கீழே வைக்க முடியாதபடி செய்யப்போவதாக 2025 ஜூனில் மத்திய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர் அறிவித்தார். காசு கொடுத்து வாங்கும் கரண்டை வீட்டுக்குள் எப்படிச் செலவழிப்பது என்று அரசு சொல்வது தனிமனித சுதந்திரத்தில் கைவைப்பது ஆகாதா?

காரைக்குடி பக்கம் இருபத்திரண்டு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் என்று நான் ஏணி போடாத தெரு குறைவு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: ஏசிக்கு எல்லை வைப்பது சரி.

போன சித்திரையில் ஒரு ஆச்சி ராத்திரி பத்தரைக்குப் போன் செய்தார். "தம்பி, ஃபேன் சுத்தவே மாட்டேங்குது. கண்டன்சர் போயிருச்சா, வந்து பாரு." எண்பது வயசுக்கு மேல். பங்காளிகள் எல்லாம் வெளியூரில். அவ்வளவு பெரிய வீட்டில் பட்டாசாலையை ஒட்டிய ஓர் அறையில் தனியாக இருக்கிறார். போய்ப் பார்த்தால் ஃபேனின் மூன்று இறக்கையையும் கண்ணால் எண்ணிவிடலாம், அத்தனை மெதுவாக ஓடுகிறது. கண்டன்சரில் கோளாறில்லை. மீட்டரை வைத்தேன்: 164 வோல்ட். 230 இருக்க வேண்டிய இடம். எதிர்ச்சாரியில் கோயில் திருவிழாவுக்காகத் திறந்திருந்த புது வீட்டில் நாலு ஏசி ஓடிக்கொண்டிருந்தது, ஆச்சி வீட்டுக்கு வருகிற அதே ஃபேஸில், அதாவது கம்பத்தில் ஓடும் மூன்று மின்கம்பிகளில் அதே ஒன்றில்.

"அவுக வீட்டுப் பிள்ளைக வெளிநாட்டுலேருந்து வந்திருக்குக. வெக்கை தாங்காதுக. தூங்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டு ஆச்சி ஓலை விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுக்காரர்கள் மேல் தப்பே இல்லை. காசு கட்டுகிறார்கள், போடுகிறார்கள். ஏசியை 18-ல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் சித்திரை வெக்கையில் 18-ல் வைத்தால் கம்ப்ரசர் கட் ஆகவே ஆகாது, அறை அந்தக் குளிருக்கு வந்தால்தானே ஓயும்? 25-ல் வைத்தால் நாலும் மாறி மாறி ஓய்வெடுக்கும், லைனில் ஒரே நேரத்தில் ஏறும் சுமை குறையும். ஒன்றரை டன் ஏசி ஓடும்போது இழுப்பது சுமாராக 1,500 வாட். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். ஓர் ஏசிக்கு இருபது ஃபேன். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏறக்குறைய 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. நட்சத்திரக் குறி போட்ட ஏசி எல்லாம் ஆன் செய்ததும் 24-ல்தான் நிற்க வேண்டும் என்று 2020 ஜனவரியிலிருந்தே விதி இருக்கிறது. அதை யார் பார்க்கிறார்கள், ரிமோட்டை எடுத்ததும் கீழேதான் இறக்குகிறார்கள்.

வீடு நம்முடையது, கம்பத்திலிருந்து வரும் லைன் தெருவுடையது. எதிர்வீட்டுச் சுதந்திரத்தை எல்லோரும் பேசுகிறோம், ஆச்சியின் சுதந்திரத்தை யாரும் கேட்கவில்லை. 2012-ல் நம் பக்கமெல்லாம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்டு இல்லாமல் கிடந்தோம், அப்போது சென்னைக்கு வெட்டு இரண்டு மணி நேரம். கட்டுப்பாடு இல்லாத காலம் என்று ஒன்று இருந்ததே இல்லை. யார் தலையில் விழுகிறது என்பதுதான் மாறிக்கொண்டிருக்கிறது.

அதற்காக அரசு செய்வதெல்லாம் சரி என்று சொல்லமாட்டேன். கட்டண அடுக்கு எனக்கு ஒப்பவில்லை. 2022 செப்டம்பரில் மாற்றிய கட்டணப்படி, இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு அப்போது ரூ.2.25. 500-ஐ ஒரு யூனிட் தாண்டினாலும் அதே நூறு யூனிட்டுக்கு ரூ.4.50 ஆனது. அந்த ஒரு யூனிட்டுக்காக 225 ரூபாய் கூடியது. எங்கள் பக்கத்தில் ஒரே மீட்டரில் மூன்று புள்ளி (குடும்பம்), பதினோரு தலை குடியிருக்கிற வீடு உண்டு. ஃபேனும் ஃபிரிட்ஜும் மட்டுமே ஓடி 500 தாண்டிவிடுகிறது. ஏசி போட்டுக்கொண்டு இரண்டே பேர் இருக்கிற வீடு 450-ல் நின்று சலுகையை வாங்கிக்கொள்கிறது. மீட்டரை எண்ணுகிறார்கள், ஆளை எண்ணுவதில்லை. இது அநியாயம்.

சட்டம் இறுக வேண்டிய இடம் ஏசி கம்பெனியும் வீடு கட்டுகிற இடமும். ஆச்சி வீட்டில் கனத்த சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை, மேலே ஓடு, நடுவில் வெக்கை ஏறிப்போக வளவு, அதாவது திறந்த முற்றம். மத்தியானம் ஆத்தங்குடிக் கல்லில் வெறும் முதுகோடு படுத்தால் தூக்கம் வந்துவிடும். (உள்ளறையில் பகலிலேயே லைட் போட வேண்டும், அதையும் சொல்லத்தான் வேண்டும்.) எதிர்வீடு ஒற்றைக் கான்கிரீட் தளம், மேற்கே முழுக்கக் கண்ணாடி. ராத்திரி பத்து மணிக்கும் அந்தச் சுவரில் கைவைக்க முடியாது. சுவர், கூரை, ஜன்னல் எப்படி இருக்க வேண்டும் என்று வீடுகளுக்கென மத்திய அரசு 2018-ல் ஒரு விதித்தொகுப்பே வெளியிட்டது. இங்கே என்னை வயரிங்குக்குக் கூப்பிட்ட ஒரு வீட்டுக்காரரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, அப்போதும் முணுமுணுத்தோம். வளவில் கொட்டுகிற மழைத்தண்ணீரை அண்டாவில் பிடித்து வைத்த ஊர் இது. கூரைக்கும் அப்படி ஒரு கட்டாயம் வரட்டும்.

மறுநாள் லைன்மேன் கம்பத்தில் ஏறி ஆச்சி வீட்டு சர்வீசை வேறு ஃபேஸுக்கு மாற்றிக் கொடுத்தார். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறி கட்டாயம் என்பதால் கடையில் இப்போது பார்த்து வாங்க முடிகிறது. ஐந்து நட்சத்திர பிஎல்டிசி ஃபேன் (குறைந்த கரண்டில் ஓடும் மோட்டார் வைத்தது) ஒன்றை ஆச்சிக்கு மாட்டினேன். 30 வாட் சொச்சம்தான், வோல்டேஜ் 150-க்கு இறங்கினாலும் வேகம் குறையாது. "ரிமோட்டெல்லாம் எனக்கு வேணாம் தம்பி, பழைய சுச்சுலயே போட்டுத் தா" என்றார். போட்டுக் கொடுத்தேன்.